வெளுப்புத் தொட்டியில் தொடங்கிய கணக்கு

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் துணி வெளுப்பது அவசரக்காரர்களுக்கான தொழில் அல்ல. நெய்து வந்த லினனைச் சாம்பல் காரத்தில் ஊறவைத்து, புளித்த பாலில் நனைத்து, புல்வெளியில் விரித்து, மாதக்கணக்கில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். 1785இல் பெர்தொல்லே என்ற வேதியியலாளர், குளோரின் கலந்த நீரில் முக்கினால் துணி வெகுவிரைவில் வெளுத்துவிடுவதைக் காட்டினார். ஆலைக்காரர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. கரைசல் சற்று நீர்த்திருந்தால் பழுப்பு போகவில்லை. சற்று வலுத்திருந்தால் துணியே நைந்து கையோடு வந்தது. கண்ணால் பார்த்து அதன் வலுவைச் சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தாலோ நெஞ்சு எரிந்தது. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அந்த ‘எவ்வளவு’க்கு விடை தேடியவர், துணி ஆலைகள் நிறைந்த ரூவான் நகரத்து வேதியியலாளர் தெக்ருவசீல். அவுரி நீலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டார். வெளுப்புக் கரைசல் அந்த நீலத்தை எவ்வளவு தூரம் அழிக்கிறது என்று, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அளந்தார். நீலத்தை அதிகம் தின்றால் வலுவான கரைசல். குறைவாகத் தின்றால் நீர்த்த கரைசல். 1795இல் அவர் வெளியிட்ட இந்தக் கருவியை வைத்து ஆலைத் தொழிலாளிகூடத் தொட்டியைச் சோதிக்க முடிந்தது. ஒரு திரவத்தைத் தராசில் நிறுத்தாமல், இன்னொரு திரவத்தோடு மோதவிட்டு அளக்கும் ‘தரம்பார்த்தல்’ வித்தை இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. வித்தை துணி ஆலையோடு நிற்கவில்லை. நாணயச் சாலையின் கதவையும் தட்டியது.

வெள்ளி நாணயத்தில் உண்மையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று அறிய, அதை ஈயத்தோடு உருக்கிப் புடமிட்டுச் சோதிப்பதே நெடுங்கால வழக்கம். நெருப்பில் கொஞ்சம் வெள்ளி காணாமல் போனதால், இருப்பதைவிடக் குறைவாகவே கணக்கு வந்தது. நஷ்டம் பிரெஞ்சு அரசின் தலையில். பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் நெருப்பை ஒதுக்கிவிட்டு, வெள்ளியை அமிலத்தில் கரைத்தார். அதில் அளவு தெரிந்த சமையல் உப்புக் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டார். வெள்ளைப் படிவு விழுவது நின்ற கணத்தில், செலவான உப்பை வைத்து வெள்ளியைக் கணக்கிட்டார். 1832இல் வெளியான அந்த முறையின் துல்லியத்துக்கு முன் உலை தோற்றது. பிப்பெட், பியூரெட் என்ற பெயர்களை வேதியியலில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். ஆனால் இதற்குள் புதிய குழப்பம் ஒன்று முளைத்திருந்தது. வெளுப்புக்காரருக்கு ஓர் அளவுகோல், சோடா வியாபாரிக்கு இன்னொன்று, வெள்ளிக்காரருக்கு மற்றொன்று. ஒருவர் சொன்ன ‘பத்து’ அடுத்தவருக்குப் புரியவில்லை.

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஃபிரீட்ரிஷ் மோர் கைவேலையில் கெட்டிக்காரர். அதுவரை பியூரெட்டைக் கையில் பிடித்துச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. கை நடுங்கினால் பத்துச் சொட்டு கூடப் போய்விடும். மோர் அதைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதை நெரிக்க ஒரு சிறிய கிளிப்பையும் மாட்டினார். விரலால் அழுத்தினால் சொட்டும், விட்டால் நிற்கும். 1855இல் வெளிவந்த அவருடைய தரம்பார்த்தல் பாடநூலில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பொருளிலும் அதன் சமான எடையை, அதாவது மற்றொன்றோடு சரிக்குச் சரி வினைபுரியும் எடையை, கிராமில் எடுத்து ஒரு லிட்டராக்குவது. சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 40 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் 36.5 கிராம். இப்படிச் செய்த ‘நார்மல்’ கரைசல்களில் எந்த அமிலத்தின் 10 மில்லி லிட்டரும் எந்தக் காரத்தின் 10 மில்லி லிட்டரையும் கச்சிதமாகச் சமன் செய்தது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே மொழி கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அந்த மொழியில் ஓட்டை போட்டது. அமிலத்தோடு சேர்த்து வினை நடத்தினால் அதன் சமான எடை 31.6 கிராம், நடுநிலைக் கரைசலில் நடத்தினால் 52.7 கிராம். பாட்டில் ஒன்றேதான், ஆனால் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் ‘வலு’ மாறியது. பாட்டிலின் மேல் எழுதக்கூடிய மாறாத எண் ஒன்று வேண்டுமென்றால், பொருளின் மூலக்கூறு எடை தெரிந்தாக வேண்டும். அன்றைய வேதியியலாளர்கள் ஒத்துப்போகாத விஷயமே அதுதான். கார்பனின் எடை 6 என்று ஒரு கட்சி, 12 என்று இன்னொரு கட்சி. ஆக்சிஜன் 8 என்று சிலர், 16 என்று சிலர். வீட்டுச் சமையலறையில் இருக்கும் வினிகரின் அசெட்டிக் அமிலத்துக்கு மட்டும் அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே தம் பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார். ஓர் அமிலத்துக்கு 19 முகவரி என்றால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? கெக்குலேயும் நண்பர்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

ஐரோப்பாவின் வேதியியலாளர்களை எல்லாம் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது என்பதே அந்த முடிவு. 1860 செப்டம்பர் 3ஆம் தேதி, கார்ல்ஸ்ரூ நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். உலகின் முதல் சர்வதேச வேதியியல் மாநாடு அது. மூன்று நாள் விவாதித்தும் எந்த ஒருமித்த முடிவும் வரவில்லை. அறிவியலை ஓட்டெடுத்துத் தீர்மானிக்க முடியாது என்று சொல்லி ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள். மாநாடு தோல்வி என்றே எல்லோரும் நினைத்த அந்த நேரத்தில், இத்தாலியிலிருந்து வந்திருந்த பாவேசி என்பவர், கிளம்புகிறவர்களின் கையில் ஒரு சிறு பிரசுரத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்.

எழுதியவர் கன்னிட்சாரோ. 1848இல் சிசிலியில் நடந்த புரட்சியில் சேர்ந்து, அது தோற்றபோது பிரான்சுக்குத் தப்பியோடி, பிறகு ஜெனோவாவில் பேராசிரியரானவர். தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக அவர் பழைய கட்டுரை ஒன்றைத் தூசு தட்டியிருந்தார். 1811இல் அவகாட்ரோ எழுதியது அது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள எல்லா வாயுக்களிலும் சம எண்ணிக்கையில்தான் மூலக்கூறுகள் இருக்கும் என்பது அவகாட்ரோவின் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டால் வாயுக்களை எடைபோட்டே மூலக்கூறுகளின் ஒப்பு எடையைக் கண்டுவிடலாம்; கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று எல்லாம் நேர்ப்படும். ஜெர்மானியரான லோத்தர் மேயர் அந்தப் பிரசுரத்தை ஊர் திரும்பும் வழியிலும் பிறகு வீட்டிலும் படித்து, குழப்பமெல்லாம் தெளிந்து போனதாகப் பின்னாளில் எழுதினார். மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர் மெண்டலீவும் கன்னிட்சாரோவின் எண்களோடுதான் ஊர் திரும்பினார். அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த கருத்து ஜெயித்துவிட்டது. அவகாட்ரோதான் அதைப் பார்க்க இல்லை. 1856லேயே அவர் காலமாகியிருந்தார்.

மூலக்கூறு எடைகள் உறுதியான பிறகு, எந்த ஒரு பொருளின் மூலக்கூறு எடையையும் கிராமில் எடுத்தால் அது ஒரு வசதியான பொட்டலமாக அமைந்தது. நீர் என்றால் 18 கிராம், அசெட்டிக் அமிலம் என்றால் 60 கிராம். ஒரு கிலோ திராட்சையிலும் ஒரு கிலோ பூசணியிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது அல்லவா; வினைகள் எண்ணிக்கைப்படி நடக்கின்றன, எடைப்படி அல்ல. இந்தப் பொட்டலத்தைப் பிடித்தால் எண்ணிக்கை தானாகவே சமமாகிவிடும். 1890களில் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் அதற்கு ‘மோல்’ என்று பெயர் சூட்டினார். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது மோலாரிட்டி ஆயிற்று. பெர்மாங்கனேட்டை எந்த வினையில் போட்டாலும் இந்த எண் மாறாது. எல்லாம் சுபம் என்று கதையை முடித்திருக்கலாம். ஆனால் மோலுக்குப் பெயர் வைத்த ஓஸ்ட்வால்ட் ஒரு விசித்திரமான மனிதர்.

அவர் மூலக்கூறுகளையே நம்பவில்லை! அணு என்பது கணக்குக்கு உதவும் கற்பனை, உலகில் உண்மையாக இருப்பது ஆற்றல் மட்டும்தான் என்பது அவர் கட்சி. 1895இல் லூபெக் நகரத்தில் நிறைந்த சபையில் அதைப் பிரகடனமே செய்தார். அவரைப் பொறுத்தவரை மோல் என்பது இத்தனை கிராம் என்ற எடை. உள்ளே எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அவரை மாற்றுவதற்கு, பாரிசில் ழான் பெரேன் என்ற இயற்பியலாளர், ஓவியர்கள் வண்ணத்துக்குப் பயன்படுத்தும் மஞ்சள் பிசினை நீரில் நுண்துகள்களாக்கி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருந்தது. அந்த முடிவு வந்து சேர்வதற்குள், யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில், மோலாரிட்டி மட்டும் போதாது என்பது அம்பலமாகத் தொடங்கியிருந்தது.

அந்த இடம் ஒரு பீர் ஆலை. கோபன்ஹேகனில் 1847இல் ஜே. சி. யாகப்சன் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் ஆலைக்கு மகன் கார்லின் பெயர்தான் வைக்கப்பட்டது. பீர் சில நேரம் ருசியாகவும் சில நேரம் கெட்டும் வருவது ஏன் என்று தெரியாமல் யாகப்சன் தவித்தார். 1875இல் ஆலையை ஒட்டி ஓர் ஆய்வகத்தையே கட்டினார். கண்டுபிடிப்பதை ரகசியமாக வைக்கக் கூடாது, வெளியிட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். 1883ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் வெளிவந்தன. எமில் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார். கெல்டால் தானியத்தில் புரதத்தை அளக்க நைட்ரஜன் முறையைத் தந்தார். 1900இல் கெல்டால் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் விவசாயி மகனான சோரன் சோரன்சன்.

சோரன்சனுக்கு நொதிகள் தலைவலி கொடுத்தன. பார்லியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும் புரதங்களை உடைப்பதும் அவைதான். அவை அமிலத்தன்மைக்கு அளவு கடந்து கூச்சப்பட்டன. சிறிது மாறினாலும் வேலை நிறுத்தம். சோரன்சன் ஃபிரீட்ரிஷ் மோர் காட்டிய வழியில் அமிலத்தை அளந்து ஊற்றினார். ஆனால் ஒரே அளவு அமிலம் ஒரு கரைசலில் நொதியை முடக்கியது, இன்னொரு கரைசலில் ஒன்றும் செய்யவில்லை. ஊற்றிய அமிலம் எங்கே போகிறது?

விடையின் ஒரு நுனி ஏற்கெனவே பாரிசில், பாஸ்டர் நிறுவனத்தில் கிடைத்திருந்தது. 1900இல் ஃபெர்ன்பாக்கும் உய்பேரும் முளைகட்டிய பார்லியின் நொதியை ஆராய்ந்தபோது, அதில் இருந்த பாஸ்பேட் உப்புகள் வந்து விழும் அமிலத்தையும் காரத்தையும் ஓரளவு வாங்கிக்கொள்வதைக் கண்டார்கள். வலுவற்ற அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருந்தால் நடப்பது இதுதான்: வெளியிலிருந்து அமிலம் வந்தால் உப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது, காரம் வந்தால் அமிலம் தன் ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்து அதை அணைக்கிறது. அதிர்ச்சி உள்ளே எட்டுவதில்லை. சோரன்சனுக்கு இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஊற்றிய அமிலத்தை அளந்து பயனில்லை, கரைசலில் சுதந்திரமாகத் திரியும் ஹைட்ரஜன் அயனியைத்தான் அளக்க வேண்டும். அடுத்து, அந்த அயனியின் அளவை ஓரிடத்தில் கட்டிப்போடும் ‘தாங்கல்’ கரைசல்களைத் தாமே தயாரிக்க வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே நின்றது, எழுதவே கை வலிக்கும் ஓர் எண்.

தூய நீரில் ஒரு லிட்டருக்கு 0.0000001 மோல் ஹைட்ரஜன் அயனிதான். சற்றுப் புளித்த கரைசலில் 0.0001, காரத்தில் 0.0000000001. சுழியங்களை எண்ணுவதிலேயே பிழை வரும். சோரன்சன் அந்த எண்ணைப் பத்தின் அடுக்காக எழுதி, அடுக்கின் முன் இருந்த கழித்தல் குறியைத் தூக்கி எறிந்தார். தூய நீருக்கு 7, புளித்ததற்கு 4, காரத்துக்கு 10. 1909இல் வெளிவந்த அவருடைய நொதி ஆய்வுக் கட்டுரையில் பிஎச் பிறந்தது இப்படித்தான். பீருக்குப் பிறந்த குழந்தை ஊர் முழுவதற்கும் சொந்தமாகும் என்று அவரே எதிர்பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதே கட்டுரையில் சமையல் குறிப்புகளும் இருந்தன. பாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைசின் என்று விதவிதமான தாங்கல் கரைசல்கள். பாஸ்பேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட மோலாரிட்டி பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 9.08 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 11.88 கிராம். இரண்டையும் தனித்தனியே செய்து, விகிதம் மாற்றிக் கலந்தால் வெவ்வேறு பிஎச். இதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருந்தது. அந்தச் சோடியம் உப்பு சாதாரணமாக 12 நீர் மூலக்கூறுகளைத் தூக்கிக்கொண்டு படிகமாகும். பாட்டிலைத் திறந்து வைத்தால் அந்த நீர் மெல்ல மெல்லக் காற்றோடு போய்விடும். தராசு காட்டும் எடையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என்றே தெரியாது. சோரன்சன் இரண்டே நீர் மூலக்கூறுகளோடு நிலையாக நிற்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். வேதியியல் கடைகளில் அந்த உப்பு இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. மோலாரிட்டியும் பிஎச்சும் ஒரே குறிப்பில் கைகோத்தது அப்போதுதான்.

1909ஆம் ஆண்டுக்கு என்ன ராசியோ தெரியவில்லை. பெரேன் தம் எண்ணிக்கையை முடித்து, ஒரு மோலில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியது அந்த ஆண்டுதான். அணுவை நம்பாத ஓஸ்ட்வால்ட் மனம் மாறி அணு உண்மைதான் என்று அதற்குச் சற்று முன்பே அச்சில் ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் 1909லேயே. மெல்லிய கண்ணாடிக் குமிழின் இரு பக்கமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகும் என்பதை ஃபிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சியேவிச்சும் ஆராய்ந்து வெளியிட்டதும் அதே ஆண்டு. இடம்? 49 ஆண்டுகளுக்கு முன் மாநாடு முடிவில்லாமல் கலைந்த அதே கார்ல்ஸ்ரூ. அந்தக் கண்ணாடிக் குமிழுக்கு வேலை வர இன்னும் 25 ஆண்டு இருந்தது.

நடுவில் கதை ரத்தத்துக்குள் புகுந்தது. உடல் இடைவிடாமல் கரியமில வாயுவை உண்டாக்கியும் ரத்தம் புளிக்காதது ஏன் என்று ஹார்வர்டின் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908இல் கணக்குப் போட்டிருந்தார். பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் சேர்ந்து காவல் காக்கின்றன; காவலின் பலம் அவற்றின் விகிதத்தில் இருக்கிறது என்பது அவருடைய சமன்பாடு. கோபன்ஹேகன் மருத்துவர் ஹாசல்பால்க் 1916இல் அதைச் சோரன்சனின் பிஎச் மொழிக்கு மாற்றி எழுதினார். அமிலத்தின் வலுவைக் குறிக்கும் பிகேஏ எண்ணோடு, உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் பிஎச். ரத்தத்தில் பிகேஏ 6.1, விகிதம் 20க்கு 1, அதன் மடக்கை 1.3, கூட்டினால் 7.4. அச்சுப் பிசகாமல் மனித ரத்தத்தின் பிஎச் அதுதான். 1952இல் கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் தாக்கியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்ததைப் பார்த்து அது காரம் மிகுந்த நிலை என்று மருத்துவர்கள் தவறாக எண்ணினார்கள். பிஎச்சை நேரடியாக அளந்து பார்த்தபோது உண்மை தலைகீழாக இருந்தது. மூச்சு முட்டிக் கரியமில வாயு தேங்கியிருந்தது. மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக் கையால் காற்றுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க, சாவு எண்ணிக்கை சரிந்தது. ஆனால் பிஎச்சை நினைத்த மாத்திரத்தில் அளக்க முடிந்தது எப்படி? அதற்கு எலுமிச்சம்பழத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவில் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்தவர் கிளென் ஜோசப். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பது அவர் பொறுப்பு. சாறு கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு, நிறங்காட்டித் தாளின் நிறத்தை வெளுத்துவிட்டது. ஹைட்ரஜன் மின்வாயையும் கெடுத்தது. மிச்சமிருந்த வழி ஹேபரின் கண்ணாடிக் குமிழ். அது தரும் மின்னோட்டமோ அற்பம். அதைக் கூட்டுவதற்காகக் குமிழைப் பெரிதாகவும் மெல்லியதாகவும் ஊதினால் உடைந்து தொலைத்தது. 1934இல் அவர் பழைய கல்லூரித் தோழர் ஆர்னால்ட் பெக்மனிடம் போய் முறையிட்டார். பெக்மன் குமிழைத் தொடவில்லை. ரேடியோவின் வெற்றிடக் குழாய்களை வைத்து மின் சைகையைப் பெருக்கிக் கொடுத்தார். சில மாதத்தில் ஜோசப் மறுபடி வந்து, ஆய்வகத்தில் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், தனக்கு இன்னொன்று வேண்டும் என்றார். ஒரே ஆளுக்கு இரண்டு தேவைப்படுகிறது என்றால் ஊருக்கு எத்தனை தேவைப்படும்! பெக்மன் அதைப் பெட்டியில் அடைத்து 195 டாலருக்கு விற்கத் தொடங்கினார். இனி யாரும் எங்கும் பிஎச் பார்க்கலாம். பார்த்தபோதுதான் தாங்கல் கரைசல்களின் குறைகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

பாஸ்பேட், கால்சியத்தைக் கண்டால் படிவாக விழுந்தது. பல வினைகளில் தானே மூக்கை நுழைத்தது. சிட்ரேட், உலோக அயனிகளைக் கவ்விக்கொண்டது. 1946இல் கோமோரி என்ற ஆய்வாளர் டிரிஸ் என்ற கரிமச் சேர்மத்தை உயிரியல் வேலைக்கு அறிமுகப்படுத்தினார். மலிவு, எளிதில் கரையும், பிஎச் 7 முதல் 9 வரை காக்கும். ஆனால் அதற்கும் ஒரு குணக்கேடு. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் அதன் பிஎச் சுமார் 0.03 இறங்கியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்துகொண்டிருந்த நார்மன் குட், இருப்பதை வைத்துச் சமாளிக்காமல், தேவைகளைப் பட்டியல் போட்டுப் புதிய சேர்மங்களையே செய்வித்தார். 1966இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு டஜன் தாங்கல் பொருள்களை வெளியிட்டார்கள். ஹெப்பீஸ், மெஸ், பைப்ஸ், டிரைசீன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒவ்வொன்றுக்கும் முக்கியமான எண் இரண்டு: மூலக்கூறு எடை, பிகேஏ. அந்த இரண்டும் போய்ச் சேர்ந்த இடம்தான் உலகெங்கும் ஆய்வக அலமாரியில் நிற்கும் ஒரு சாதாரண பாட்டில்.

அதன் லேபிளில் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும்: 1 மோலார் டிரிஸ், பிஎச் 8.0. பிசிஆர் சோதனையோ புரதச் சோதனையோ, காலையில் லேபுக்குள் நுழையும் மாணவி முதலில் தேடுவது இதைத்தான். பாட்டில் காலியாகியிருந்தால் கணக்குப் போடுகிறாள். டிரிஸின் மூலக்கூறு எடை 121.14, வேண்டியது 1 மோலார், அளவு கால் லிட்டர். மூன்றையும் பெருக்கினால் 30.3 கிராம். கன்னிட்சாரோவும் ஓஸ்ட்வால்டும் அந்தப் பெருக்கலில் இருக்கிறார்கள். தூளை 200 மில்லி நீரில் கரைக்கிறாள். கரையும்போது பீக்கர் சில்லிடுகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுகிறாள்; சுமார் பத்து மில்லியில் மீட்டர் 8ஐ நெருங்குகிறது, இப்போது பீக்கர் சுடுகிறது. சூட்டில் மீட்டர் காட்டும் எண் நம்பத்தக்கதல்ல. ஆறவைத்துத்தான் கடைசிச் சொட்டுகளை விட வேண்டும். பிறகே ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கோடு வரை நீர் சேர்க்கிறாள். 250 மில்லி நீரில் கொட்டிக் கரைப்பது வேறு, கரைத்து 250 மில்லியாக்குவது வேறு. மோலாரிட்டி என்பது கரைசலின் லிட்டருக்குத்தான். மறுநாள் இதிலிருந்து 50 மில்லிமோலார் கரைசல் அரை லிட்டர் வேண்டுமானால் 25 மில்லி எடுத்தால் போதும். பிளஸ் டூ பிராக்டிக்கலில் தமிழ் மாணவர்கள் மனப்பாடம் செய்த ‘வி1 என்1 = வி2 என்2’ இங்கே என்னுக்குப் பதில் எம் போட்டு வந்து நிற்கிறது; அந்த ‘என்’தான் கோப்லென்ஸ் மருந்துக்கடைக்காரர் விட்டுச்சென்ற நார்மல்.

சோரன்சனைப் படுத்திய நீர் மூலக்கூறும் ஓய்ந்தபாடில்லை. 0.1 மோலார் டைசோடியம் பாஸ்பேட் ஒரு லிட்டர் செய்ய, நீரற்ற உப்பு என்றால் 14.2 கிராம், இரண்டு நீர் கொண்டது என்றால் 17.8, ஏழு கொண்டது 26.8, பன்னிரண்டு கொண்டது 35.8 கிராம். கடைசி உப்பை முதல் கணக்கில் நிறுத்தினால் செறிவு பாதிகூடத் தேறாது, 40 சதவீதத்தில் நின்றுவிடும். லேபிளை முழுதாகப் படிக்காமல் தராசுக்குப் போனவர்களின் பரிசோதனைகள் உலகெங்கும் இப்படித்தான் ஊற்றிக்கொள்கின்றன.

2019 மே 20 முதல் மோல் எடையிலிருந்து விடுதலை பெற்றது. 6.02214076 என்பதைப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணிக்கைதான் ஒரு மோல், மாற்றமில்லை, தோராயமில்லை. அணுவை நம்பாதவர் பெயர் வைத்த அலகு, கடைசியில் சுத்தமான எண்ணிக்கையாகிவிட்டது. ஆனால் எண் எவ்வளவு துல்லியமானாலும் கரைசலின் தரம் அதைச் செய்பவர் கையில்தான். எந்த உப்பு, எத்தனை நீர், எந்த வெப்பநிலை, எந்தத் தேதி என்று நான்கும் எழுதாத தாங்கல் கரைசல் எவ்வளவு தெளிவாக மின்னினாலும், கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது.